சாப்பிடலை, ருசிதான் பார்த்தேன்

அந்தத் தொழிற்சாலையின் முதலாளி யார் என்று கேட்டால் பாதிப் பேர் திருதிருவென்று முழிப்பார்கள். கேன்டீன் மாஸ்டர் யார் என்று கேட்டால் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை கை நீட்டிக் காட்டுவார்கள். அவர் வைக்கும் வெள்ளைக் குழம்பு அப்படி. முந்திரியை ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, கடைசியில் ஊற்றி இறக்குவார். அது உண்டென்று தெரிந்தால் வீட்டிலிருந்து கொண்டுவந்த டிபன் பாக்ஸைத் திறக்காமலே திருப்பி எடுத்துப்போகிற ஆட்கள் இருந்தார்கள். வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தார்களோ, அது அவர்கள் பாடு.

ஊரே மெச்சுகிற இந்த மனிதரைப் பற்றி அவர் மனைவிக்கு மட்டும் வேறு அபிப்பிராயம் இருந்தது. "அழுத்தக்காரர்" என்பாள். பல்வலி வந்தால்கூடப் பல்லைப் பிடுங்கிய பிறகுதான் சொல்வார். அவள் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களில் பாதிக்கு அவள்தான் பழுது பார்க்கிறாள். லிஃப்ட் நின்றுவிட்டால் போனதும் ஸ்பேனரைத் தூக்குகிற ரகம் இல்லை. முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்ப்பாள். பிறகு ஒரே ஒரு பாகத்தை மாற்றி ஓட்டுவாள். சரியாகவில்லையா, பழையதை மாட்டிவிட்டு அடுத்ததை மாற்றுவாள். "ரெண்டை ஒண்ணா மாத்தினா எது கெட்டதுன்னு எந்தக் காலத்துல தெரியும்?" என்பது அவள் கேள்வி. கட்டடத்துச் செக்ரெட்டரிகள் அவசரப்படுத்துவார்கள். அவசரப்படுகிறவர்களை மாடிப்படி வழியாகப் போகச் சொல்லிவிடுவாள்.

அன்றைக்கு முற்பகல் அவள் ஒரு லிஃப்ட்டின் தலைமேல் நின்று கம்பிவடத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தபோது தம்பியிடமிருந்து போன் வந்தது. தம்பி அதே கேன்டீனில் மாஸ்டருக்கு அடுத்த கை.

"அக்கா, மாமாவுக்கு மூச்சு விட முடியலைக்கா. மூஞ்சியெல்லாம் வீங்கிப்போச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்துட்டோம்."

கிரீஸ் கையோடு ஓடினாள். அவள் போய்ச் சேருவதற்குள் தொடையில் ஊசி போட்டு, மூச்சு திரும்பி, மனிதர் கட்டிலில் உட்கார்ந்து அசட்டுச் சிரிப்பு சிரித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கேட்கக் கேட்கத்தான் குட்டு வெளிப்பட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாக நாக்கு அரிப்பாம். கழுத்திலும் முதுகிலும் தடிப்பாம். மருந்துக் கடையில் அரிப்பு மாத்திரை வாங்கி, ஐஸ் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அடுப்படியில் நிற்பாராம். பக்கத்தில் படுக்கிறவளுக்கு மூச்சுக் காட்டவில்லை.

"ஏங்க, இதை என்கிட்டச் சொல்லணும்னு தோணவே இல்லையா?"

"சொன்னா அடுப்பை விட்டு இறங்கச் சொல்லுவே."

அவருக்கு இருந்த பயம் அது ஒன்றுதான். உயிர்ப் பயத்தைவிட அடுப்புப் பயம் பெரிதாக இருந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. விஷயம் தெரிந்த மறுநாளே கேன்டீன் கான்ட்ராக்டர் வெட்டு ஒன்று துண்டு ரெண்டாகச் சொல்லிவிட்டார்: "மாஸ்டர், உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு தெரியும். ஆனா மெனு மாறக் கூடாது. வெள்ளைக் குழம்பை நம்பித்தான் எனக்கு இந்த கான்ட்ராக்ட்டே கொடுத்திருக்காங்க. உங்களால முடியாட்டி உங்க மச்சான் நிக்கட்டும்."

மச்சானுக்கோ சாப்பாட்டில் உப்பும் ஒன்று, சுண்ணாம்பும் ஒன்று. புகையிலை போட்டுப் போட்டு நாக்கு மரத்துப்போன ஆள். "எனக்கு எதுக்கு மாமா அந்தப் பதவி? சாப்பிடறவங்க என்னை உரிச்சுடுவாங்க" என்று அவனே அழாத குறையாகச் சொன்னான்.

டாக்டரம்மா நிதானமான பெண். மாத்திரையை நிறுத்திக் கொஞ்ச நாள் போனால்தான் தோல் உண்மையைச் சொல்லும் என்றாள். அதுவரை கழுத்தைச் சொறிந்துகொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் மாஸ்டர். பிறகு அவர் முன்கையில் வரிசையாகப் பல சொட்டு மருந்து விட்டு, ஒவ்வொரு சொட்டுக்குள்ளும் ஊசி முனையால் லேசாகக் கீறினாள். மூன்று இடத்தில் கொசுக்கடி மாதிரி வீங்கியது. முட்டை, வேர்க்கடலை, முந்திரி.

"மூணுமா?" என்றார் மாஸ்டர்.

"அவசரப்படாதீங்க. தோல் வீங்கினா சந்தேகம், அவ்வளவுதான். வீங்கின எத்தனையோ பேர் அதையே நிம்மதியா சாப்பிட்டுட்டுத் திரியறாங்க. மூணையும் நிறுத்துங்க. உடம்பு அடங்குதான்னு பார்ப்போம். அடங்கினா, ஒவ்வொண்ணா இங்கேயே, என் கண் முன்னாடி சாப்பிட வச்சுப் பார்ப்போம். வீட்டுல மட்டும் சோதனை கீதனை பண்ணிடாதீங்க, விபரீதமாயிடும்." சட்டைப் பையில் எந்நேரமும் வைத்திருக்க ஒரு ஊசியையும் கொடுத்தாள்.

ஒவ்வொன்றாக! மெக்கானிக்குக்கு இந்த டாக்டரை அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று.

"எது வேணா இருக்கட்டும். முந்திரி மட்டும் இருக்கக் கூடாது" என்றார் மாஸ்டர், வரும் வழியெல்லாம்.

அடுத்து நடந்ததுதான் கூத்து. அவருக்கு வீட்டில் இனி அவள்தான் சமைப்பாள் என்று ஆயிற்று. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அடுப்பைப் பற்றவைத்தது சால்டரிங் கம்பியைச் சுட வைக்கத்தான். சோறு, வேகவைத்த காய், வேகவைத்த கோழி. மறுநாள் வேகவைத்த கோழி, வேகவைத்த காய், சோறு. தொழிற்சாலையையே நாக்கில் கட்டிப்போட்ட மனிதர் அதைத் தட்டில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், வழித்துச் சாப்பிட்டார். கேன்டீனில் ஒரு பருக்கை சாப்பிடுவதில்லை என்று சத்தியமும் பண்ணினார்.

ஆனால் தடிப்பு போகவில்லை.

அவள் மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். சோப்பை மாற்றினாள். சில நாள் பார்த்தாள், பழைய சோப்பையே வைத்தாள். துணி துவைக்கிற பவுடரை மாற்றினாள். தலையணை உறையை மாற்றினாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கோழிக்காரன் கடையில் நின்று கத்தியைக் கழுவச் சொன்னாள். சாயங்காலம் அவர் வீடு வந்தால் கழுத்தில் பட்டை பட்டையாகத் தடிப்பு தயாராக இருக்கும்.

"வீட்டுல பார்த்துட்டோம். இனி ஓடற இடத்துல போய்த்தான் பார்க்கணும்" என்று ஒருநாள் லீவு போட்டுவிட்டு கேன்டீனுக்கே போனாள். காய் நறுக்குகிற மூலையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அண்டாக்கள் கொதித்தன. மாஸ்டர் நடுவில் ராஜா மாதிரி நடந்தார். ஒரு அண்டாவில் கரண்டியை விட்டு எடுத்தார். இடது உள்ளங்கைக் குழியில் ஒரு சொட்டு விட்டார். நக்கினார். கண்ணை மூடினார். "ம்" என்றார். ஒருத்தன் உப்பைப் போட்டான். அடுத்த அண்டா. சொட்டு, நக்கல், "ம்". அவள் விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இரண்டு கை விரலும் போதவில்லை. முந்திரிக் குழம்பு அண்டாவில் மட்டும் ஆள் இரண்டாவது தடவையும் நக்கினார். அங்கேதான் அவள் எழுந்தாள்.

"என்ன பண்றீங்க?"

"என்ன பண்றேன்?"

"இப்போ வாயில என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே."

"கையில இருந்து நக்கினீங்களே!"

"ஓ, இதா? இது ருசி."

"கேன்டீன்ல சாப்பிடறதில்லைன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணினீங்களே!"

"ஆமா. சாப்பிடலை. ருசிதான் பார்த்தேன்."

கவனிக்க வேண்டியது என்னவென்றால், மனிதர் புளுகவில்லை. பூசி மெழுகவும் இல்லை. பச்சைப் பிள்ளை மாதிரி அவளைப் பார்த்தார். அடுப்படியில் நின்று தலை நரைத்தவர் அவர். அவருக்குச் சாப்பாடு என்றால் கை கழுவ வேண்டும், உட்கார வேண்டும், தட்டு வேண்டும். உள்ளங்கைச் சொட்டு என்பது மேஸ்திரி மட்டக்கோலை வைத்துப் பார்க்கிற மாதிரி, வேலை. டாக்டரம்மா "என்ன சாப்பிடறீங்க?" என்று கேட்டபோது ஒன்று விடாமல் சொன்னவர் இதைச் சொல்லவில்லை என்றால், இது அவர் கணக்கிலேயே வரவில்லை. எந்தச் சமையல்காரரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்லியிருப்பார்.

அதெல்லாம் பிறகு யோசித்தபோது அவளுக்குப் புரிந்தது. அப்போது புரியவில்லை.

"யோவ்!" என்று போட்டாளே ஒரு சத்தம். காய் நறுக்குகிற கத்தியெல்லாம் நின்றுவிட்டது. "உள்ள போறது ருசியா சாப்பாடான்னு உன் தொண்டைக்குத் தெரியுமாய்யா? அது அடைச்சுட்டா விளக்கம் கேட்குமா? நான் வீட்டுல சோப்பை மாத்தறேன், தலையணையை மாத்தறேன், பைத்தியக்காரி மாதிரி கோழிக்காரனோட சண்டை போடறேன்! நீ செத்துத் தொலைஞ்சா நான் யாருக்காகய்யா இருப்பேன்?"

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. மாஸ்டர் கரண்டியைக் கீழே வைத்தார். உள்ளங்கையைப் பார்த்தார். குழாயடிக்குப் போய்த் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

டாக்டரம்மா கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "தப்பு என் மேல. 'என்ன சாப்பிடறீங்க'ன்னு கேட்டேனே தவிர, 'வாய்க்குள்ள என்னென்ன போகுது'ன்னு கேட்கலையே!" பிறகு கண்டிப்பாகச் சொன்னாள். முந்திரி அண்டாவை மச்சானிடம் விட்டுவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். மற்றதிலும் ஒரு சொட்டுகூட வாய்க்குள் போகக் கூடாது.

சமையல்காரனை ருசி பார்க்காதே என்றால்? கண்ணைக் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டச் சொல்வதுபோலத்தான். மாஸ்டர் இனிமேல் புலம்புவார், கோபப்படுவார், திருட்டுத்தனமாக நக்குவார் என்றெல்லாம் மனைவி எதிர்பார்த்தாள். மனிதர் ஒன்றும் செய்யவில்லை. மறுநாள் சமைத்தார். சூப்பில் உப்பே இல்லை. கறியிலோ வாயில் வைக்க முடியாத உப்பு. தட்டுகள் மேஜையில் டமார் டமார் என்று விழுந்தன. ஒருத்தன் விசிலடித்தான். மாஸ்டர் உள்ளே ஒளிந்துகொள்ளவில்லை. உப்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, "இன்னைக்குத் தப்பு என்னோடது. ருசி பார்க்காம சமைக்கப் பழகறேன். ரெண்டு நாள் பொறுத்துக்குங்க" என்று மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னார். விசிலடித்தவன் தட்டுக்கும் அவர் கையால் உப்பு வைத்தார்.

தம்பி வந்து இதைச் சொன்னான். அவள் உள்ளுக்குள், "அட, என் ராஜா" என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை அவளே அவ்வப்போது வேலைக்கு நடுவில் போய் எட்டிப் பார்த்தாள். "அளந்து சமைக்கிறவன் மருந்துக் கடை வைக்கலாம்" என்று ஊரையெல்லாம் கிண்டலடித்தவர், தராசு வாங்கி உப்பை நிறுத்துப் போட்டார். அண்டாவின் ஆவியைக் கையால் வாரி மூக்கருகே கொண்டுவந்து, மூச்சைப் பிடித்து நின்றார். வெங்காயம் வதங்கும்போது சத்தம் எங்கே மாறுகிறது என்று காதைச் சாய்த்துக் கேட்டார். வேலை முடிந்ததும் தட்டு கழுவுகிற இடத்தில் போய் நின்று திரும்பி வருகிற ஒவ்வொரு தட்டையும் பார்த்தார். எதை வழித்திருக்கிறார்கள், எதை ஒதுக்கியிருக்கிறார்கள், தண்ணீர் டம்ளர் எத்தனை தடவை நிரம்பியது! முதலில் சுமாராக வந்தது. பிறகு தேவலாம் என்று வந்தது. ஒருநாள் அவளும் தட்டேந்தி வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டாள். சுற்றிலும் பார்த்தாள். மேஜைமேல் இருந்த உப்புக் கிண்ணத்தை ஒருத்தரும் தொடவில்லை. இந்த ஆளுக்கு வாக்கப்பட்டது வீண்போகவில்லை என்று அவளுக்குத் தோன்றியது, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஆளிடம் "இது எங்க வீட்டுக்காரர் சமைச்சது" என்று சொல்லிவிட்டாள்.

"தெரியும்மா. தினமும் இங்கதான் சாப்பிடறேன்" என்றார் அவர்.

தடிப்பு அடங்கியது. கழுத்து பளிச்சென்று ஆனது. ஆக, கோளாறு அந்த மூன்றுக்குள்தான். எது என்பதுதான் பாக்கி.

ஆஸ்பத்திரியில் சோதனை ஆரம்பித்தது. என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்தால் பயத்திலேயே சிலருக்கு அரிக்குமாம். அதனால் டாக்டரம்மா பொருளை வாழைப்பழக் கூழில் ஒளித்து, ஸ்பூன் ஸ்பூனாக, ஒவ்வொரு ஸ்பூனுக்கும் நடுவில் காத்திருந்து கொடுப்பாள். சில தடவை ஒன்றுமே கலக்காத வெறும் கூழாகவும் இருக்கும், எது எது என்று கடைசியில்தான் சொல்வாள்.

முதல் ஸ்பூனை வாயருகே கொண்டுபோனதுமே மாஸ்டர் சொன்னார்: "வேர்க்கடலை. தோலோட அரைச்சிருக்கீங்க. வறுத்தவன் சரியா வறுக்கலை."

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினாள். டாக்டரம்மா அசரவில்லை. நீச்சல்காரர்கள் மாட்டுகிற மூக்குக் கிளிப் ஒன்றைக் கொண்டுவந்து அவர் மூக்கில் மாட்டினாள். "இப்போ சொல்லுங்க பார்ப்போம்." இன்னொரு ஸ்பூன் கொடுத்தாள். மாஸ்டர் சப்புக்கொட்டினார், கண்ணை உருட்டினார், தோல்வியை ஒத்துக்கொண்டார்.

வேர்க்கடலை ஒன்றும் செய்யவில்லை. இன்னொரு தடவை வந்தார்கள், முட்டையும் ஒன்றும் செய்யவில்லை. அந்தச் செய்தியைச் சொன்னதும் கணவனும் மனைவியும் சிரிக்கவில்லை. மீதி இருப்பது எது என்று இருவருக்கும் தெரியும். இனி வருவது வெறும் கூழாக இருக்கலாம். இல்லையென்றால் முந்திரி. நாக்கு அரித்தால் அது முந்திரிதான், அடுப்பு போயிற்று. அரிக்காவிட்டால் எல்லாம் பழையபடி. அவ்வளவு சின்ன விஷயத்தில் வந்து நின்றது.

கடைசித் தடவை. ஒரு ஸ்பூன் உள்ளே போயிற்று. காத்திருந்தார்கள். டாக்டரம்மா நாடி பிடித்தாள், தொண்டைக்குள் டார்ச் அடித்தாள், கையையும் முதுகையும் பார்த்தாள். ஒன்றுமில்லை. அடுத்த ஸ்பூன். மறுபடி பார்த்தாள். ஒன்றுமில்லை. அடுத்ததை அளந்து எடுத்தாள்.

மனைவி கட்டிலின் காலடியில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பார்த்த முகம். அவர் கீழுதட்டை லேசாகப் பல்லில் பிடிப்பதைப் பார்த்தாள். வலியை அமுக்கும்போது அவர் அப்படித்தான் செய்வார். வாயைத் திறந்து சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்டால், அவர் சொல்கிறாரா பார்ப்போம் என்று இருந்தது என்பாள். கல் நெஞ்சுக்காரி என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பூன் அவர் வாய்வரைக்கும் வந்துவிட்டது. வாயைத் திறந்தால் போதும், உள்ளே போய்விடும். ஒரு வருஷம் மறைத்தவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் மறைப்பதா பெரிய காரியம்?

மாஸ்டர் கையைத் தூக்கினார். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளை தூக்குவதுபோல நேராக.

"நிறுத்துங்க டாக்டர். ஆரம்பிச்சுடுச்சு."

டாக்டரம்மா டார்ச்சை எடுத்தாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே? பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா இது அது இல்லை. நாக்கு ஓரத்துல அரிக்குது. இப்போ தொண்டையில. எனக்கு இது பழகினது டாக்டர், எனக்குத் தெரியும்."

சொல்லி வாய் மூடுவதற்குள் மேலுதடு உப்ப ஆரம்பித்தது. கழுத்தில் தடிப்பு படையெடுத்து வந்தது. ஊசி, மருந்து, மூக்கில் பிராணவாயு எல்லாம் தயாராக இருந்ததால் சடசடவென்று வேலை நடந்தது. எல்லாம் அடங்கி, டாக்டரம்மா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "முந்திரிதான். அதுவும் மோசமான ரகம். மத்த எதுவும் இல்லை. அந்த ஸ்பூனை நான் கொடுத்திருந்தேன்னா..." என்று சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை முடிக்காமல் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போச்சு. அடுப்பு போச்சு" என்றார் வீங்கிய உதட்டோடு.

"போனாப் போகட்டும். நீங்க இருக்கீங்களே, எனக்கு அது போதும். ஊர்ல உலகத்துல யாருக்குமே வாய்க்காத ஆளுங்க நீங்க" என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டாள். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். இப்படி ஒரு பாராட்டு அவருக்கு அவளிடமிருந்து வந்ததே இல்லை.

உதட்டு வீக்கம் வற்றியதும் முதல் வேலையாக கான்ட்ராக்டரைப் பார்க்கப் போனார். அவளும் கூடப் போனாள். அவர் எதையும் சுற்றி வளைக்கவில்லை. முந்திரி தொட்டால் செத்துப்போவேன், என் அடுப்படியில் இனி அது நுழையக் கூடாது என்றார்.

கான்ட்ராக்டர் நாற்காலியில் சாய்ந்தார். "முந்திரி இல்லாம அந்தக் குழம்பு வருமா மாஸ்டர்?"

"வராது" என்றார் மாஸ்டர். "எவன் வச்சாலும் வராது. அந்தக் குழம்பு முடிஞ்சுது. வேற ஒண்ணு வைக்கிறேன். இன்னைக்கு மத்தியானம் சாப்பிட்டுப் பாருங்க. பிடிக்கலைன்னா சாயங்காலமே போயிடறேன், மச்சானை நிறுத்திக்குங்க."

அன்றைக்கு அவர் பூசணி விதையையும் தேங்காயையும் அரைத்துக்கொண்டிருந்தபோது கேன்டீன் ஆட்கள் எல்லாம் கைவேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். அவர் நாக்குக்கு இப்போது தடையில்லை. குழம்பு கொதித்ததும் கரண்டி முனையால் உள்ளங்கைக் குழியில் ஒரு சொட்டு விட்டார். அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். நக்கினார். கண்ணை மூடினார்.

"ம்" என்றார்.

கான்ட்ராக்டர் தனி மேஜை போட்டு உட்கார்ந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், தட்டிலிருந்த கடைசிப் பருக்கைவரை வழித்தார். பிறகு எழுந்து, தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு, தொழிலாளிகளோடு தொழிலாளியாகக் குழம்பு வாங்குகிற வரிசையின் கடைசியில் போய் நின்றார்.